செக் என்றால் ராஜா

“ஆளுங்கட்சிக்கு செக் வைத்த எதிர்க்கட்சி” என்கிற மாதிரித் தலைப்பைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எல்லோருமே பார்த்திருப்போம். அதே நாளிதழின் உள்பக்கத்தைப் புரட்டினால் செக் மோசடி வழக்கில் யாருக்கோ சிறைத்தண்டனை கிடைத்திருக்கும். செக்போஸ்ட்டில் மணல் லாரி பிடிபட்டிருக்கும். ஆற்றின் குறுக்கே செக் டேம் கட்டித் தரக்கேட்டு ஊர்மக்கள் மனுக் கொடுத்திருப்பார்கள். கடைசிப் பக்க ஜவுளி விளம்பரத்தில் ஓர் இளைஞர் செக்டு சட்டை போட்டுக்கொண்டு சிரிப்பார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பும்போது, “கேஸை மூடியாச்சா, ஒரு தடவை செக் பண்ணிடு” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வங்கித் தாள், தடுப்பு, சோதனை, துணியில் கட்டம், எதிராளியை மடக்குவது. ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்? நமக்குப் ‘படி’ என்றால் படிப்பதும் உண்டு, படிக்கட்டும் உண்டு, அரிசி அளக்கும் படியும் உண்டு. அதுபோல ஆங்கிலத்திலும் ஒலி மட்டும் ஒத்துப்போன நாலைந்து தனிச்சொற்கள் இவை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இவ்வளவும் ஒரே சொல்லின் கிளைகள். அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் ‘ராஜா’.

சொல்லின் வேர் ஈரானில் இருக்கிறது. மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் என்ற மலைப்பாறையில் பேரரசன் தாரியஸ் கி.மு. 520 வாக்கில் ஒரு பெரிய கல்வெட்டு வெட்டினான். “நான் தாரியஸ், மாமன்னன், மன்னர்களின் மன்னன்” என்று அது தொடங்குகிறது. அதில் மன்னனைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல் ‘க்ஷாயதிய’. நூற்றாண்டுகள் போகப்போக முன்னும் பின்னும் தேய்ந்து அது ‘ஷாஹ்’ ஆனது. மன்னர்களின் மன்னன் ‘ஷாஹன்ஷா’ ஆனான். ஷாஜகான் பெயரிலும் பாதுஷா என்ற பட்டத்திலும் இருப்பது இதே ஷாஹ்தான். சமஸ்கிருதத்தில் ஆட்சி என்ற பொருளில் வரும் ‘க்ஷத்ர’, அதிலிருந்து வந்த ‘க்ஷத்ரியர்’ ஆகியவை இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள். மேற்கிந்தியாவை ஆண்ட க்ஷத்ரபர்களின் பட்டமும் இதே குடும்பம்தான். ஆகவே ‘செக்’ என்று ஒரு தடவை சொன்னால் க்ஷத்ரியனுக்குத் தூரத்து உறவான ஒருவனைக் கூப்பிடுகிறோம்.

சரி, ராஜா எப்படிச் சோதனைச்சாவடி ஆனார்? இடையில் ஒரு விளையாட்டு இருக்கிறது.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படைதான் அந்த நான்கு அங்கங்கள். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. இந்திய மன்னன் ஒருவன் பாரசீகப் பேரரசன் குஸ்ரோவுக்குச் சதுரங்கப் பலகையை அனுப்பி, “இதன் விதியைக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்” என்று சவால் விட்டதாகவும், அமைச்சர் புஸுர்க்மெஹ்ர் அதைக் கண்டுபிடித்ததாகவும் ஒரு கதை பாரசீகத்தின் பழைய பஹ்லவி மொழியில் இருக்கிறது. கதைதான், ஆனால் ஆட்டம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதைப் பாரசீகர்கள் மறைக்கவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தை வென்றபோது ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அரபியில் ‘ச்ச’ ஒலியும் இல்லை, ‘ங்’ ஒலியும் இல்லை. அதனால் சத்ரங், ‘ஷத்ரஞ்ச்’ ஆனது.

பாரசீகர்கள் காய்களுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்திருந்தார்கள். யானை ‘பீல்’, தேர் ‘ருக்’, ராஜா ‘ஷாஹ்’. ருக்தான் ஆங்கிலத்தில் ரூக். எதிரியின் ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை நகர்த்தினால் வாய்விட்டு எச்சரிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த எச்சரிக்கை ஒரே வார்த்தை: “ஷாஹ்!” அதாவது, “ராஜா! உன் ராஜாவைப் பார்த்துக்கொள்!” இதுதான் உலகின் முதல் ‘செக்’.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ‘செஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ‘சதுரங்கம்’ என்பதிலிருந்து வந்தது என்று நம்மில் பலர் பெருமையோடு சொல்வதுண்டு. ஆட்டம் நம்முடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் செஸ் என்ற சொல் சதுரங்கத்திலிருந்து வரவில்லை, ஷாஹிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் ‘செக்’ என்பதன் பன்மை ‘செஸ்’ போல ஒலிக்கும். ‘செஸ்’ என்றால் ‘செக்குகள்’, இன்னும் உள்ளே போனால் ‘ராஜாக்கள்’. நம் சதுரங்கம் என்ற சொல்லின் நேர்வாரிசைப் பார்க்க வேண்டுமானால் ஸ்பானிய மொழிக்குப் போக வேண்டும். அங்கே ஆட்டத்தின் பெயர் ‘அஹெத்ரெஸ்’, அரபி ஷத்ரஞ்ச்சின் வழியாக வந்தது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் ‘சத்தூர்’ என்பார்கள். அது இன்னும் கிட்டத்து உறவு. ஆங்கிலம் மட்டுமல்ல, ஜெர்மனின் ‘ஷாஹ்’, பிரெஞ்சின் ‘எஷெக்’, ரஷ்யரின் ‘ஷாஹ்மத்தி’ எல்லாம் ராஜாவின் பெயரைத்தான் ஆட்டத்துக்கு வைத்திருக்கின்றன.

‘ஷாஹ்’ எப்படி ‘செக்’ ஆனது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளத் தமிழ்க் காது நன்றாகவே உதவுகிறது. அரபுகள் வழியாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் ஆட்டம் வந்தபோது, லத்தீனில் எழுதியவர்களுக்கு ‘ஷ’வும் கடைசியில் வரும் ‘ஹ்’ ஒலியும் வாயில் நுழையவில்லை. ‘ஸ்காக்குஸ்’ என்று எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் ஐன்ஸீடெல்ன் மடத்தில் 997 வாக்கில் எழுதிய ஒரு லத்தீன் செய்யுள்தான் ஐரோப்பாவில் செஸ் ஆட்டத்தைப் பேசும் மிகப் பழைய எழுத்து. அப்புறம் அது பிரெஞ்சுக்குப் போனது. ‘ஸ்’ என்ற மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் நிற்பது பழைய பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்காது. முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் ஸ்கூல், ‘இஸ்கூல்’ ஆவதும், ஸ்டேஷன், ‘இஸ்டேஷன்’ ஆவதும் போலத்தான். நாம் ‘இ’ போட்டோம், அவர்கள் ‘எ’ போட்டார்கள். ஸ்காக்குஸ், ‘எஸ்செக்’ ஆனது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்து, அங்கே பிரெஞ்சு அரண்மனை மொழி ஆனது. ஆங்கிலேயர் எஸ்செக்கை வாங்கிக்கொண்டு முன்னால் இருந்த ‘எஸ்’ஸைக் கழற்றிப் போட்டார்கள். மிஞ்சியது ‘செக்’.

செக்மேட் பற்றியும் ஒரு வார்த்தை. “ஷாஹ் மாத்” என்பதன் ஆங்கில வடிவம் அது. அரபியில் ‘மாத’ என்றால் ‘செத்துப்போனான்’, ஆகவே “ராஜா செத்தான்” என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்து, செய்வதறியாமல் நிற்பது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக்கிடம் இல்லாமல் அவர் நிற்கும் கணத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ‘மாட்டிக்கொண்டான்’ என்ற நம் சொல்லோடு ‘மாத்’தை முடிச்சுப்போடத் தோன்றும், ஒலியும் பொருளும் அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பலகையில் “செக்!” என்று கேட்டதும் என்ன நடக்கிறது? அதுவரை ஆடிக்கொண்டிருந்த திட்டம் எல்லாம் நிற்கிறது. ராஜாவைக் காப்பாற்றிய பிறகுதான் மற்ற வேலை. இந்த ‘நிற்பது’தான் சொல்லைப் பலகையிலிருந்து வெளியே இழுத்து வந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே ‘செக்’ என்றால் திடீர்த் தடை, பின்னடைவு என்ற பொருள் வந்துவிட்டது. அங்கிருந்து தடுத்து நிறுத்துவது, கட்டுக்குள் வைப்பது. ஓடும் தண்ணீரை மறித்து நிறுத்துவதால் செக் டேம். ‘தடுப்பணை’ என்று நாம் செய்திருப்பது அருமையான மொழிபெயர்ப்பு, சொல்லின் அந்தக் கிளையை அப்படியே பிடித்திருக்கிறது. தண்ணீர் மேலே ஏறலாம், திரும்பி வரக்கூடாது என்று மோட்டார் குழாயில் வைக்கும் வால்வும் செக் வால்வுதான். கிரிக்கெட்டில் மட்டையை முழுக்க வீசாமல் பாதியில் நிறுத்தி ஆடும் அடிக்கும் இதே பெயர். அமெரிக்க அரசியல் சட்டத்தில் அதிபரை நாடாளுமன்றமும் இருவரையும் நீதிமன்றமும் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும் ‘செக் அண்ட் பேலன்ஸ்’ என்ற புகழ்பெற்ற தொடரிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது.

இது ஒரு கிளை, ராஜாவிடமிருந்து நேராக வந்தது. இன்னொரு கிளை பலகையிலிருந்து கிளம்புகிறது. வங்கிச் செக் புரிய வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போக வேண்டும். அது கொஞ்சம் நீண்ட கதை, ஆனால் மொத்த விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

செஸ் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் ஹென்றி காலத்தில், அரசனின் வரவுசெலவைப் பார்க்கும் அலுவலகத்துக்கு இந்தப் பெயர் வந்தது. பின்னாளில் எழுத்தர்கள் தொடக்கத்து ‘எஸ்’ஸைப் பார்த்து, இது லத்தீன் முன்னொட்டு ‘எக்ஸ்’ ஆகத்தான் இருக்கும் என்று தவறாக நினைத்து மாற்றி எழுதிவிட்டார்கள். அதனால் ‘எக்ஸ்செக்கர்’. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பட்டம். நேர்ப்பொருளில் சொன்னால் அவர் ‘சதுரங்கப் பலகை அமைச்சர்’.

கஜானாவுக்கு எதற்குச் சதுரங்கப் பலகை? இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் ஒரு நூல் எழுதினார். எக்ஸ்செக்கர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல அதில் விளக்கியிருக்கிறார். அலுவலகத்தின் நடுவே பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. காசுகள் கீழே விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே விரிக்க ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்குப் புதிதாக வாங்கும் கறுப்புத் துணி. அந்தத் துணியில் ஓரடியோ ஒரு சாணோ இடைவெளி விட்டுக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே காசுகளை அடுக்கிக் கணக்குப் போடுவார்கள். வலப்பக்கக் கடைசிப் பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அதற்கடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று போகும்.

மாவட்டத்துக்கு மாவட்டம் அரசனுக்கு வரி வசூலித்துக் கொடுக்க ஷெரிஃப் என்ற அதிகாரி இருந்தார். ஈஸ்டருக்கு ஒரு தடவை, செப்டம்பர் 29 மிக்கேல் திருநாளுக்கு ஒரு தடவை அவர் இந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் கட்ட வேண்டிய தொகை ஒரு வரிசையில் காசுகளாக அடுக்கப்படும். கட்டிய தொகை அதற்குக் கீழ்வரிசையில். மேலேயிருந்து கீழே கழித்துக்கொண்டே வருவார்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஷெரிஃபும் தன் பாக்கி எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். ஃபிட்ஸ்நீலின் நூலில் சீடன் கேட்கிறான், மேசை சதுரங்கப் பலகைபோல இருப்பதற்காக மட்டுமா இந்தப் பெயர் என்று. இன்னொரு காரணமும் உண்டு என்கிறார் குரு. சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுகிறார்கள், இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து நடுவர்களாகப் பார்க்கிறார்கள். தணிக்கைக்கு முன்னால் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்த அனுபவம் உள்ள யாருக்கும் அந்த ஒப்புமை உடனே புரியும்.

அவர்கள் ஏன் எழுதிக் கணக்குப் போடவில்லை என்று யோசித்தால் இன்னொரு விஷயம் பிடிபடுகிறது. அவர்களிடம் இருந்தவை ரோமன் எண்கள். ரோமன் எண்களில் இடமதிப்பு கிடையாது, பூஜ்ஜியம் கிடையாது. கூட்டல் கழித்தலைத் தாளில் செய்வது பெரும்பாடு. அந்தக் கறுப்புத் துணியில் ஒவ்வொரு பத்தியும் ஓர் இடமதிப்பு, காசு வைக்காத வெற்றுப் பத்திதான் பூஜ்ஜியம். இந்திய எண்களை விளக்கும் ஃபிபொனாச்சியின் புகழ்பெற்ற கணித நூல் 1202இல்தான் வந்தது. அந்த எண்கள் ஐரோப்பிய அலுவலகங்களில் நிலைபெற அதற்கு மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின. இந்தியாவிலிருந்து அரபுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன இரண்டு செல்வங்களில் சதுரங்கம் முன்னால் போய்விட்டது, எண்கள் பின்தங்கிவிட்டன. எண்கள் இல்லாத குறையைத் தீர்க்க அவர்கள் போட்ட மேசைக்குச் சதுரங்கத்தின் பெயர் வந்தது. இதை முதலில் உணர்ந்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பணம் கட்டியதற்கு ரசீது என்ன? மரக்குச்சி. பெரும்பாலும் ஹேஸல் என்ற மரத்தின் குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டு வெட்டுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பருத்த பார்லி மணி அளவு. நம் ஊர்த் தச்சர்கள் விரற்கடை, சாண் என்று அளந்த மாதிரிதான். வெட்டு விழுந்த குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பணம் கட்டியவருக்கு, மறுபாதி அலுவலகத்துக்கு. பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் போதும். வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். யாரும் திருட்டுத்தனமாக ஒரு வெட்டைக் கூட்ட முடியாது. இந்தக் குச்சியின் பெயர் ‘டேலி’. நம் ஊர்க் கணக்காளர்கள் “டேலி ஆகல சார்” என்று பெருமூச்சு விடுவது இந்தக் குச்சியை நினைத்துத்தான், அது அவர்களுக்குத் தெரியாவிட்டாலும். இங்கிலாந்தில் இந்த முறை 1826 வரை நீடித்தது. மிஞ்சிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்பில் போட்டு எரித்தார்கள். அளவு மிஞ்சி எரித்ததில் தீ பரவி, நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதியே சாம்பலானது. இன்று லண்டனில் தேம்ஸ் கரையில் நாம் படத்தில் பார்க்கிற கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.

எக்ஸ்செக்கர் வேலையின் சாரம் ஒன்றுதான்: உன்னிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் பொருந்துகிறதா? அதே காலத்து அலுவலக வழக்கத்தில் ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லும் இப்படித்தான் உருவானது. ஒரு கணக்குச் சுருளுக்கு எதிராக இன்னொருவர் தனியாக வைத்திருக்கும் மறுசுருள், அதுதான் கன்ட்ரோலின் முதல் பொருள். மறுபிரதி ஒன்று இருக்கிறது என்றாலே தப்புச் செய்பவன் கை நிற்கும். அதாவது ‘தடுத்து நிறுத்து’ என்ற செக், மெல்ல ‘ஒப்பிட்டுப் பார்’ என்ற செக் ஆனது இந்த வழியில்தான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பொருள் ஆங்கிலத்தில் உறுதியாகிவிட்டது. கேஸ் மூடியிருக்கிறதா என்று ‘செக் பண்ணும்’போது நாம் செய்வதும் அதுதான், மூடினேன் என்ற நம் நினைப்பைக் கண்ணில் தெரிவதோடு ஒப்பிடுகிறோம். தமிழில் ‘சரிபார்’ என்கிறோம். சரியாக, சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. டேலிக் குச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தோன்றவில்லை.

இனி வங்கிக்கு வரலாம். ‘இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுங்கள்’ என்று தன் பொற்கொல்லருக்கோ வங்கியாளருக்கோ சீட்டெழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1659இல் எழுதிய ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அப்போது அதற்குச் செக் என்று பெயர் இல்லை. கள்ளச்சீட்டு பெருகியபோது, சீட்டின் ஓர் ஓரத்தைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டு, சீட்டு திரும்பி வரும்போது இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். குச்சியில் செய்ததைத் தாளில் செய்தார்கள், அவ்வளவுதான். 1700களின் தொடக்கத்தில் ‘செக்’ என்று சொன்னது அந்த ஓரத்தைத்தான். மோசடியைத் தடுப்பதும் அதுவே, சரிபார்க்க உதவுவதும் அதுவே, ஆகவே பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது. நாம் ‘அடிக்கட்டை’ என்கிறோமே, அது! காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் முழுச்சீட்டுக்கும் தாவிக்கொண்டது.

எழுத்துக்கூட்டலில் இன்னொரு திருப்பம். அமெரிக்கர்கள் சோதனைக்கும் வங்கித் தாளுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டில் வங்கித் தாளுக்கு மட்டும் கியூ எழுத்தைக் கொண்டுவந்து வேறு மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். எக்ஸ்செக்கர் என்ற சொல்லில் இருந்த கியூதான் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. ராஜாவிடமிருந்து நேராக வந்த கிளையும் பலகை வழியாகச் சுற்றிவந்த கிளையும் அந்த ஒற்றைத் தாளில் திரும்பச் சேர்ந்தன. இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்துக்கொண்டது. செக் திரும்பினால் தண்டனை என்ற 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ‘காசோலை’யைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. மரக்குச்சியின் வழியில் வந்த ஒன்றுக்கு ஓலை என்று பெயர் வைத்தது தற்செயல்தான், ஆனாலும் அது அமைந்துவந்திருக்கிறது.

வங்கிச் செக் அரபியிலிருந்து நேராக வந்தது என்றும் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அரபியில் ‘ஸக்’ என்றால் எழுதிக்கொடுத்த பத்திரம். அது பொருளற்ற பேச்சல்ல. 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்ற பயணி, சகாராவின் தெற்கோரத்தில் இருந்த அவ்தகுஸ்த் என்ற வணிக ஊரில் 42,000 தினாருக்கான ஒரு ஸக்கைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். செக் என்ற வழக்கத்துக்கு அரபு வணிகர்கள் முன்னோடிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்கத்தின் வரலாறு வேறு, சொல்லின் வரலாறு வேறு. ஆங்கிலச் சொல் முதலில் சீட்டைக் குறிக்கவில்லை, அடிக்கட்டையைக் குறித்தது. ஸக்கிலிருந்து வந்திருந்தால் அது நேராகச் சீட்டையே குறித்திருக்கும். ஆகவே அகராதிகள் சொல்வதையே நானும் ஏற்கிறேன். ஸக்கும் பாரசீகத்திலிருந்து அரபிக்குப் போன சொல் என்பதால், எந்தக் கட்சியில் நின்றாலும் கடைசியில் ஈரானுக்குத்தான் போய்ச் சேருவோம்.

அமெரிக்காவில் இந்தச் சொல் இன்னும் சில குட்டிகளைப் போட்டது. ஒப்பிட்டுப் பார்க்கும் சீட்டு என்பதிலிருந்து அடையாள வில்லை, டோக்கன் என்ற பொருள் வந்தது. ரயிலில் பெட்டியை ஒப்படைத்து வில்லை வாங்கினால் அது செக். அதனால்தான் விமானத்தில் கையில் எடுத்துப்போகாத பெட்டிக்குச் செக்-இன் லக்கேஜ் என்று பெயர். அங்கே உணவகத்தில் பில்லும் செக்தான். சரி என்று போடும் டிக் குறியும் செக்தான்.

கட்டம்போட்ட துணிக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. சதுரங்கப் பலகைபோல இருப்பதால் ‘செக்கர்டு’, அது சுருங்கிச் ‘செக்’. ஆனால் இந்தக் கிளையில் நம் கடற்கரைக்கு உண்மையான இடம் இருப்பதால் அதை விட்டுவிட மனமில்லை. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணிக்கு மலாய் மொழியில் ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் மலேசியாவில் அந்தக் கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். ஆங்கிலத்திலோ ‘மெட்ராஸ்’ என்ற ஊர்ப்பெயரே பல வண்ணக் கட்டம்போட்ட பருத்தித் துணியைக் குறிக்கும் பொதுச்சொல். ‘ரியல் மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அது ஏராளமாகப் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்கிலும் பயன்படுத்துகிறார்கள். பாரசீக ராஜாவின் பெயர் தமிழ்நாட்டு நெசவாளியின் தறியில் ஏறி நைஜர் ஆற்றுக் கழிமுகம் வரை போயிருக்கிறது.

தமிழில் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு கிளைக்கும் தனிச்சொல் தேட வேண்டியிருக்கிறது: தடுப்பு, சரிபார்ப்பு, காசோலை, கட்டம். ஒவ்வொன்றும் நல்ல சொல்தான். ஆனால் ராஜா எதிலும் இல்லை. சதுரங்கத்தில் செக்குக்கு ‘முற்றுகை’ என்றும் செக்மேட்டுக்கு ‘இறுதி முற்றுகை’ என்றும் எழுதுகிறார்கள். அதில் மட்டும் கோட்டைக்குள் அடைபட்ட ஓர் அரசன் தெரிகிறான். நம் பத்திரிகைகள் எழுதும் ‘செக் வைத்தார்’ என்பதிலும் அவன் இருக்கிறான், ஒரு தலைவரை நகரவிடாமல் மடக்குவதைத்தானே அது சொல்கிறது!

செஸ் பலகையில் மட்டும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. இன்றைய சர்வதேச விதிகளின்படி ராஜாவைத் தாக்கும்போது செக் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வதும் இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டில் நூற்றுக்கணக்கான பலகைகளில் ராஜாக்கள் தாக்கப்பட்டார்கள், அறையில் கடிகாரத்தைத் தட்டும் சத்தம்தான் கேட்டது. மொட்டைமாடியில் பலகை விரித்து உட்காரும் பிள்ளைகள்தான் இன்னும் பாரசீகர்களைப்போல ஊருக்கே கேட்கும்படி கத்துகிறார்கள்.